ஓடு, ஒளி, சொல்லு: டூல்பாக்ஸ் மீட்டிங்ல சிரிச்ச தம்பிங்களுக்காக

சிங்கப்பூர்ல எங்க கம்பெனில என்னை எஸ்ஜிசெக்யூர் ரெப்பா போட்டுட்டாங்க, அதாவது தீவிரவாதத் தாக்குதல் வந்தா என்ன பண்ணணும்னு ஜனங்களைத் தயார் பண்ற அரசாங்கத் திட்டத்துக்கு எங்க கம்பெனி ஆளு நான். நான் ஒண்ணும் கை தூக்கல. பாஸ் கூப்பிட்டு "நீ நல்லா பேசுவ, நம்ம தமிழ் ஆளுங்களுக்கு நீயே சொல்லிக் குடுத்துரு"ன்னாரு, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது மறுநாள் காலைல ஏழரை மணி டூல்பாக்ஸ் மீட்டிங்லயே, வேலைக்கு முன்னாடி நடக்கற பாதுகாப்புப் பேச்சுலயே, பேசணும்னு. எதிர்ல இருபது இருபத்தஞ்சு பேரு, பாதிப் பேரு புதுக்கோட்டை பட்டுக்கோட்டை பக்கம், லாரில தூங்கிட்டு வந்த தூக்கம் இன்னும் கலையல, கையில பிளாஸ்டிக் பையில கட்டின கோப்பி. நான் "எவனாவது துப்பாக்கியோட உள்ள வந்துட்டா என்ன பண்ணுவீங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஒரு செகண்ட் எல்லாரும் அமைதி. அப்புறம் பின்னாடி இருந்து புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தன், "அண்ணே, இந்த ஊர்ல தீபாவளிக்கு ஒரு சரவெடி வெடிக்க விடமாட்டேங்குறாங்க, துப்பாக்கியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும்தான்.

அன்னிக்கு பத்து நிமிஷத்துல ஒழுங்கா சொல்ல முடியல. அதான் உக்காந்து எழுதறேன். இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்குன்னு நெனச்சுக்கோங்க, தெரிஞ்சவங்க பாதியை தாண்டிப் போயிடலாம்.

மொதல்ல அந்தத் தம்பி சொன்னது தப்பில்ல. சிங்கப்பூர்ல 1972லயே பட்டாசுக்குத் தடை வந்துருச்சு, துப்பாக்கிக்கு 1973ல ஆயுதக் குற்றச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒருத்தரை காயப்படுத்தற நோக்கத்தோட நீங்க சுட்டாலே மரண தண்டனை, குண்டு யார் மேல பட்டுச்சு படலங்கறது பேச்சே இல்ல. லைசன்ஸ் இல்லாம சும்மா கையில வச்சிருந்தாலே குறைஞ்சது 5 வருஷம் ஜெயில், 6 பிரம்படி. என்எஸ், அதான் கட்டாய ராணுவப் பயிற்சி, போனவங்களுக்கு இது வேற மாதிரி மண்டையில ஏறியிருக்கும். டெக்கோங் தீவு ரேஞ்சுல சுட்டு முடிச்சதும் காலி தோட்டாக் கூட்டையெல்லாம் பொறுக்கி எண்ணிக் குடுக்கணும், ஒரே ஒரு கூடு குறைஞ்சா போதும், மொத்த கம்பெனியும் வெயில்ல புல்லுக்குள்ள முட்டி போட்டுத் தேடும். கடைசில ஒவ்வொருத்தரா வந்து, என்கிட்ட தோட்டாவும் இல்ல காலிக்கூடும் இல்லன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் போகணும். பித்தளைத் துண்டு ஒண்ணுக்கு இவ்ளோ கணக்கு வைக்கிற ஊருய்யா இது. இங்க ஒருத்தன் கடைக்குப் போயி துப்பாக்கி வாங்கிட்டு வர்றது நடக்காத காரியம்.

அப்ப எதுக்கு இதெல்லாம் படிக்கணும்?

நாம இந்தத் தீவுக்குள்ளயே இருக்கறதில்ல, அது ஒண்ணு. ஸ்கூல் லீவு விட்டா பேங்காக், ஹாட்யாய், சிட்னி, மெல்பர்ன்னு கிளம்பிடறோம், பசங்க படிக்க அமெரிக்கா போறாங்க. 2023 அக்டோபர் 3ம் தேதி பேங்காக் சியாம் பாராகன் மால்ல ஒரு பையன் சுட்டான்ல, அவனுக்கு வயசு 14. வெறும் சத்தம் மட்டும் வர்ற துப்பாக்கியை மாத்தி நிஜத் தோட்டா போற மாதிரி பண்ணி வச்சிருந்தான், 3 பேர் செத்தாங்க. அந்த வாரம் என் மச்சினிச்சி குடும்பம் பேங்காக்லதான் இருந்துச்சு, மறுநாள் அதே மாலுக்குப் போறதா பிளான். போன்ல பேசும்போது அவங்க கொழுந்தனார் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு, "இங்க எல்லாரும் ஓடறாங்க மச்சான், எங்க ஓடணும்னுதான் யாருக்கும் தெரியல".

இன்னொண்ணு, ஆயுதம் துப்பாக்கியாத்தான் இருக்கணும்னு இல்ல. 2024 ஏப்ரல் 13ம் தேதி சிட்னி போண்டை ஜங்ஷன் மால்ல 6 பேரைக் கொன்னவன் கையில இருந்தது கத்தி. உள்ள இருந்தவங்க தப்பிச்சது எப்படின்னு பாத்தா ஒரே கதைதான், ஓடினாங்க, கடைக்குள்ள புகுந்து ஷட்டரை இறக்கினாங்க. துப்பாக்கிக்குச் சொல்ற அதே பாடம் கத்திக்கும் செல்லும்.

மூணாவது காரணத்தைச் சொல்லும்போது கூட்டத்துல யாரும் சிரிக்கல. 2020 டிசம்பர்ல இங்க ஒரு 16 வயசுப் பையனை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல பிடிச்சு வச்சாங்க, அடுத்த மாசம் வெளிய சொன்னாங்க. அவன் இந்திய வம்சாவளிச் சிங்கப்பூர்ப் பையன், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவன், செகண்டரி ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தவன். 2019 மார்ச் 15ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு மசூதில 51 பேரைச் சுட்டுக் கொன்னான்ல ஒருத்தன், அந்த வீடியோவப் பாத்துப் பாத்து, அதே தேதில 2021ல உட்லண்ட்ஸ் செம்பவாங் பக்கம் இருக்கற ரெண்டு மசூதியைத் தாக்கணும்னு திட்டம் போட்டிருக்கான். மொதல்ல துப்பாக்கிதான் யோசிச்சிருக்கான், இந்த ஊர் கட்டுப்பாட்டுல கிடைக்கறது கஷ்டம்னு விட்டுட்டு, வெட்டுக்கத்திக்கு மாறியிருக்கான். சட்டம் அவன் கையில துப்பாக்கி வராம தடுத்துச்சு, வாஸ்தவம். ஆனா அந்த எண்ணம் போன் வழியா வந்துச்சே, அதை எந்தக் கஸ்டம்ஸ்ல நிறுத்துவீங்க? நம்ம பையன், நம்ம பிளாக் பையன்ங்கற மாதிரி ஒருத்தன்.

சரி, 'மாஸ் ஷூட்டிங்'னா என்ன, அதை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா நியூஸ்ல ஒவ்வொருத்தன் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்லுவான், நமக்குக் குழம்பும். அமெரிக்காவுல கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்னு ஒரு அமைப்பு, சுட்டவனைத் தவிர்த்து 4 பேருக்காவது குண்டு பட்டிருந்தா கணக்குல சேக்கும், சாகணும்னு இல்ல. அந்தக் கணக்குல 2020ல இருந்து 2023 வரைக்கும் வருஷத்துக்கு 600க்கு மேல. அவங்க மத்திய அரசு சட்டத்துல கூட்டக்கொலைன்னா 3 பேராவது செத்திருக்கணும், அப்படிப் பாத்தா எண்ணிக்கை தடால்னு குறையும். ரெண்டுமே பொய் இல்ல, கோடு போடற இடம்தான் வேற. இன்னொரு விஷயம், 2022ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,000க்கு மேல, அதுல பாதிக்கும் மேல தற்கொலை. டிவில வர்ற சம்பவங்கள் அந்த மொத்தத்துல ரொம்பச் சின்னப் பங்கு. நமக்கு டிவில தெரியறது மட்டும்தான் தெரியுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சிங்கப்பூர்ல 2016 செப்டம்பர்ல எஸ்ஜிசெக்யூர் ஆரம்பிச்சதுல இருந்து சொல்றது மூணே வார்த்தை, ரன், ஹைட், டெல். ஓடு, ஒளி, சொல்லு. பிரிட்டன்லயும் இதேதான், அமெரிக்காவுல மட்டும் கடைசி வார்த்தை ஃபைட், 2012ல ஹூஸ்டன் நகரம் எடுத்த ஒரு வீடியோல இருந்து அது பரவுச்சு. இந்த மூணுல முக்கியம் வார்த்தை இல்ல, வரிசை. ஓட முடிஞ்சா ஒளியாதீங்க. ஒளிஞ்சு பத்திரமானதுக்கு அப்புறம் போன் எடுங்க, அதுக்கு முன்னாடி இல்ல. கேக்க ரொம்ப ஈஸியா இருக்கும். ஆனா நம்மாளுங்க வரிசை எப்படித் தெரியுமா, மொதல்ல போன், அதுவும் வீடியோ எடுக்க.

ஓடறதுல மொத சிக்கல், ஓடணும்னு மூளைக்கு உறைக்கறதே இல்ல. டப் டப்னு சத்தம் கேட்டா பட்டாசு, இல்லாட்டி ஏதோ பலகை விழுந்துச்சு, டயர் வெடிச்சிருச்சுன்னுதான் தோணும். தப்பிச்சவங்க பேட்டிகள்ல திரும்பத் திரும்ப வர்ற வாக்கியமே "நான் மொதல்ல பட்டாசுன்னு நெனச்சேன்"தான். அந்த நெனப்புல போற பத்து இருபது செகண்டு இருக்கே, அதுதான் விலை அதிகம். பட்டாசே இல்லாத ஊர்ல வளந்த நம்ம பசங்களுக்கு ரெண்டுமே பழக்கம் இல்ல, அதனால சத்தத்தை விட ஜனங்களைப் பாருங்க. பத்துப் பேர் ஒரே பக்கமா ஓடி வந்தா காரணம் கேட்டுட்டு நிக்காதீங்க, தப்பா ஓடினா வெக்கம்தான், வேற நஷ்டம் இல்ல.

ரெண்டாவது, எல்லாரும் வந்த வாசலுக்கேதான் திரும்ப ஓடுவாங்க. மனுஷ சுபாவம் அது. அதனால அங்க நெரிசல். வேற வாசல் எங்க இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சவன்தான் வேகமா வெளிய போவான். கடைகளுக்குப் பின்னாடி சாமான் இறக்கற வழி இருக்கும், சாப்பாட்டுக் கடைன்னா கிச்சன் வழியா வெளிய போலாம். லிஃப்ட் வேண்டாம். பை, ஷாப்பிங் கவர், டிராலி எல்லாத்தையும் போட்டுட்டுப் போங்க. இதைச் சொன்னப்ப ஒரு அண்ணன் கேட்டாரு, "பையில பர்மிட் கார்டு இருக்கே தம்பி?" நியாயமான கேள்விதான், அது இல்லாம அவரு எவ்ளோ அலைஞ்சிருப்பாருன்னு எனக்கும் தெரியும். ஆனா கார்டு தொலைஞ்சா வேற எடுத்துக்கலாம்ண்ணே. சட்டைப் பையில வச்சுக்கோங்க, பிரச்சனையே இல்ல.

இங்கதான் எங்க வேர்ஹவுஸ் மானம் போச்சு. "சரி வாங்க, நம்ம எமர்ஜென்சி கதவைக் காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனா, கதவுக்கு முன்னாடி ஆள் உயரத்துக்கு மூணு பேலட் ஷ்ரிங்க்ராப் சுத்தி உக்காந்திருக்கு, மேல பச்சைல எக்ஸிட் விளக்கு ஜம்முனு எரியுது. தீ வந்தாலும் அவ்ளோதான், ஆள் வந்தாலும் அவ்ளோதான். ஃபோர்க்லிஃப்ட் கூப்பிட்டு நகத்தறதுக்கு ஆறு நிமிஷம் ஆச்சு, நான் வாட்ச் பாத்தேன்.

ஒளியறது. இதுல புரிஞ்சுக்க வேண்டியது மறைப்பு வேற, தடுப்பு வேற. திரை, மரக் கதவு, ஆபீஸ் பார்ட்டிஷன் பலகை, அட்டைப்பெட்டி அடுக்கு, இதெல்லாம் உங்களை மறைக்கும், குண்டை நிறுத்தாது. சினிமால கார் கதவுக்குப் பின்னாடி உக்காந்து திருப்பிச் சுடுவாங்களே, கார் கதவு வெறும் தகரம், இன்ஜின் இருக்கற பக்கம்தான் கொஞ்சமாவது நிக்கும். கான்கிரீட் சுவரு, செங்கல் சுவரு, தூண், இதுக்குப் பின்னாடி போங்க. ரூமுக்குள்ள போனா பூட்டுங்க, கையில கிடைக்கற மேசை, கேபினெட் எல்லாத்தையும் கதவுக்கு முட்டுக் குடுங்க, விளக்கை அணைங்க, கதவுக்கு நேரா நிக்காம ஓரமா சுவத்தை ஒட்டி உக்காருங்க. எல்லாரும் ஒரே மூலைல கும்பலா உக்காராதீங்க. வீட்ல இருக்கறப்பன்னா அரசாங்கம் கட்டற புது ஹெச்டிபி அடுக்குமாடி வீடுகள்ல ஸ்டோர் ரூம்னு நாம சொல்ற பாம் ஷெல்டர் இருக்கு, தடிச்ச சுவரு, இரும்புக் கதவு, அதை விட பத்திரமான இடம் கிடையாது. என்ன, எங்க வீட்ல அதுக்குள்ள நாலு சூட்கேஸ், ரெண்டு மூட்டை பொன்னி அரிசி, அம்மாவோட கொலு பொம்மைப் பெட்டி அஞ்சு இருக்கறதால மனுஷன் உள்ள நுழையணும்னா மொதல்ல தசாவதாரத்தை வெளிய எடுக்கணும்.

போனை சைலன்ட்ல போடணும், வைப்ரேஷனும் வேண்டாம், டேபிள் மேல வைப்ரேட் ஆனா பக்கத்து ரூமுக்குக் கேக்கும். இதை நான் பெரிசா சொல்லல, போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். மத்தியானம் ஒரு டிரில் வச்சோம், பத்துப் பேர் ஸ்டோர் ரூமுக்குள்ள, விளக்கு அணைச்சாச்சு, ஒருத்தர் மூச்சு விடற சத்தம் கூட கேக்குது, சூப்பர்வைசர் வெளிய நடந்து வர்றாரு, ஷூ சத்தம் கேக்குது, நிஜமாவே எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு, டிரில்னு தெரிஞ்சும். அப்பப் பாத்து ஒருத்தன் பாக்கெட்ல முருகன் பாட்டு ஃபுல் வால்யூம்ல. ஊர்ல இருந்து அவங்க அம்மா வீடியோ கால். இருட்டுல பதறி எடுக்கப் போயி அட்டெண்ட் ஆயிடுச்சு, ஸ்கிரீன் வெளிச்சம் மொத்த ரூமையும் காட்டுது, "ஏன்டா இருட்டுல உக்காந்திருக்க, கரண்டு கட்டாயிருச்சா அங்கயும்?"னு அம்மா கேக்கறாங்க. சூப்பர்வைசர் கதவைத் திறந்து "எல்லாரும் செத்துட்டீங்க, வெளிய வாங்க"ன்னாரு. சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் அந்தப் பத்துப் பேருக்கும் போனை சைலன்ட்ல போடணும்னு இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அப்புறம் சொல்றது. போலீசுக்கு 999க்குக் கூப்பிடுங்க. பேசினா ஆபத்துன்னா 70999க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், வாட்ஸ்அப் இல்ல, எஸ்எம்எஸ். பழைய போஸ்டர்ல 71999னு இருக்கும், அது மாறிடுச்சு, இன்னிக்கே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. என்ன சொல்லணும்? மொதல்ல எங்கன்னு சொல்லுங்க, லைன் கட்டானா கூட இடம் தெரிஞ்சிருக்கும். எத்தனை பேரு, கையில என்ன, எந்தப் பக்கம் போறான். இடம் சொல்றதுலதான் நம்மாளுங்க தடுமாறுவாங்க, "பச்சைக் கலர் பில்டிங், பக்கத்துல பெட்ரோல் பங்க்"னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க. இந்த ஊர்ல 6 இலக்க போஸ்டல் கோட் சொன்னாலே பில்டிங்கே தெரிஞ்சுடும், ஹெச்டிபில ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி நம்பர். ரோட்டுல இருந்தா பஸ் ஸ்டாப்ல 5 இலக்க எண் எழுதியிருக்கும், அதைப் படிங்க. நம்ம வேர்ஹவுஸ் போஸ்டல் கோட் என்னன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. எனக்கே பின்னாடி ரெண்டு நம்பர் மாறிப் போச்சு.

திருப்பி அடிக்கலாமான்னு கேட்டாங்க, இளவட்டங்க கேக்காம இருப்பாங்களா. அது கடைசி. ஓடவும் வழியில்ல, ஒளியவும் இடமில்ல, ஆள் முன்னாடி நிக்கறான்னா, அப்ப கையில கிடைச்சதை எடுத்து சேந்து அடிக்க வேண்டியதுதான். கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டாவது மசூதில அப்துல் அசீஸ்னு ஒருத்தரு கார்டு தேய்க்கற மெஷினைத் தூக்கி அவன் மேல எறிஞ்சிருக்காரு, அப்புறம் அவனே கீழ போட்ட துப்பாக்கியை எடுத்து அவன் கார் கண்ணாடி மேல வீசியிருக்காரு, அவன் ஓடிட்டான். 2025 டிசம்பர் 14ல சிட்னி போண்டை பீச்ல யூதங்களோட ஹனுக்கா விழால 15 பேரைக் கொன்னாங்களே, அங்கயும் சிரியாவுல பொறந்த ஒரு பழக்கடைக்காரர் பின்னாடி வந்து ஒருத்தன் கையில இருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாரு. கேக்க உடம்பு சிலிர்க்குது, அவங்களை நான் கும்பிடறேன். ஆனா அதைப் பாத்து நாமளும் ஹீரோன்னு எதிர்ல ஓடறது பாடம் இல்ல, முயற்சி பண்ணி உயிரை விட்டவங்களும் இருக்காங்க.

போலீஸ் வர்றப்ப ரெண்டு விஷயம். கை காலியா, விரிச்சு, தெரியற மாதிரி வச்சுக்கணும், இருட்டுல போன் கூட ஆயுதம் மாதிரி தெரியும், ஓடிப் போயி கட்டிப்பிடிக்காதீங்க. அப்புறம், மொதல்ல வர்றவங்க அடிபட்டவங்களைத் தாண்டிப் போவாங்க, கோவப்படாதீங்க, அவங்க வேலை ஆளை நிறுத்தறது. ஒரு காலத்துல அப்படி இல்ல. 1999ல அமெரிக்காவுல கொலம்பைன் ஸ்கூல்ல போலீஸ் சுத்தி வளைச்சு ஸ்பெஷல் டீமுக்காகக் காத்திருந்தாங்க, உள்ள ஆளுங்க செத்துட்டு இருந்தாங்க, அதுக்கப்புறம்தான் மொத வர்றவனே உள்ள போகணும்னு பயிற்சியை மாத்தினாங்க. மாத்தியும் 2022ல டெக்ஸஸ் உவால்டே ஸ்கூல்ல 77 நிமிஷம் வகுப்புக்கு வெளியவே நின்னாங்க, 19 பிள்ளைங்க, 2 டீச்சருங்க செத்தாங்க. எழுதி வச்சா மட்டும் பத்தாதுன்னு காட்டறதுக்கு இதைவிட வேற உதாரணம் வேண்டாம்.

போலீஸ் தாண்டிப் போறாங்கன்னா அடிபட்டவனை யார் பாக்கறது? பக்கத்துல நிக்கற நீங்கதான். இதுக்கும் இங்க மூணு வார்த்தை, அழுத்து, கட்டு, சொல்லு. ரத்தம் வேகமா போனா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உயிர் தாங்காது, சில நிமிஷம்தான். துணியை மடிச்சு காயத்து மேல வச்சு ரெண்டு கையாலயும் முழு பலத்தோட அழுத்தணும், நிக்குதான்னு அடிக்கடி எடுத்துப் பாக்கக் கூடாது. கத்தி குத்தி நின்னா பிடுங்கக் கூடாது. கை காலுன்னா, அழுத்தியும் நிக்கலன்னா, காயத்துக்கு மேல, நெஞ்சுப் பக்கமா ஒரு நாலு விரக்கடை தள்ளிக் கட்டுங்க, முட்டி மேலயோ முழங்கை மேலயோ கட்டாதீங்க. கயிறு ஒயரு வேண்டாம், அறுக்கும், அகலமான துணி வேணும். கையால இறுக்கினா பத்தாது, அதுல ஒரு கம்பியைச் சொருகி முறுக்கணும். நான் அன்னிக்கு ஒரு பழைய ஃபுல்ஹேண்ட் சட்டையைக் கிழிச்சு, ஒரு தம்பி கையில கட்டி, 17ம் நம்பர் ஸ்பேனரைச் சொருகி ரெண்டு சுத்து முறுக்கினேன், "அண்ணே அண்ணே அண்ணே"ன்னு கத்தினான். வலிக்கும். வலிச்சாத்தான் சரியா கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். நிஜத்துல கட்டினா அவுக்காதீங்க, எத்தனை மணிக்குக் கட்டினோம்னு குறிச்சு வச்சு 995 ஆம்புலன்ஸ் ஆளுங்ககிட்ட சொல்லுங்க. கழுத்து, வயிறு, நெஞ்சுல கட்ட முடியாது, அழுத்தறதுதான் வழி. நான் முறுக்கும்போது இன்னொருத்தர் சொன்னாரு, இதைத்தான் கட்டிங் மெஷின்ல கை பட்டவனுக்கும் பண்ணணும், நமக்கு அதுதான் தினம் நடக்கக் கூடியதுன்னு. என் மொத்தப் பேச்சையும் விட அது உருப்படியான வார்த்தை.

சம்பவம் முடிஞ்சப்புறம் என்ன நடக்குதுங்கறதும் இதுல சேத்திதான், எனக்கு அதுதான் பாதின்னு தோணுது. மொத ஒரு மணி நேரத்துல வாட்ஸ்அப். கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் 17 நிமிஷம் லைவ் போட்டான், ஃபேஸ்புக் மொத 24 மணி நேரத்துல மட்டும் 15 லட்சம் காப்பியை நீக்கினதாச் சொன்னாங்க. யாரு போட்டா அவ்ளோ காப்பி? அவன் ஒருத்தனா? "அய்யோ பாவம் பாருங்க"ன்னு ஃபார்வேர்டு பண்ணினவங்கதான். அந்த வீடியோவைத்தான் நம்ம ஊர்ப் பையன் உக்காந்து பாத்திருக்கான். அன்னிக்கு நியூசிலாந்து பிரதமரா இருந்த ஜெசின்டா ஆர்டர்ன் அவன் பேரை நான் சொல்லவே மாட்டேன்னு பார்லிமென்ட்ல சொன்னாங்க, நானும் இங்க எவன் பேரையும் எழுதல பாருங்க. வீடியோ வந்தா டெலீட் பண்ணுங்க, சித்தப்பா அனுப்பினதா இருந்தாலும் "இது வேண்டாம் சித்தப்பா"ன்னு ஒரு வரி போடுங்க, ரெண்டு நாள் பேசமாட்டாரு, அப்புறம் குட்மார்னிங் மெசேஜ் அனுப்புவாரு. போலீஸ் எங்க நிக்கறாங்கன்னு படம் எடுத்துப் போடறதும் அதே மாதிரிதான், உள்ள இருக்கறவன் கையிலயும் போன் இருக்கு.

மறுநாள்ல இருந்து அடுத்த கட்டம், பழி. செஞ்சவன் எந்த ஆளுன்னு தெரிஞ்சதும் அந்த இனத்துக்காரங்க எல்லாரும் பதில் சொல்லணும்னு ஆரம்பிப்பாங்க. அந்த 16 வயசுப் பையன் செய்தி வந்தப்ப நம்மள்ல எத்தனை பேரு "இந்தியப் பையனாமே"ன்னு குரலைத் தாழ்த்திப் பேசினோம். இன்னொரு இனத்துப் பையனா இருந்தா குரல் தாழ்ந்திருக்குமா, ஏறியிருக்குமா? எங்க லிட்டில் இந்தியா டெக்கா பக்கம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நின்னு பாருங்க, அங்குலியா மசூதிக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷ நடைதான், எல்லாரும் ஒரே ரோட்டுலதான் போறாங்க. சுடறவனுக்கு வேண்டியதே இந்த ரோட்டுல நடுவுல ஒரு கோடு விழணும்ங்கறதுதான்.

அப்புறம் சட்டம். இதுல நாட்டுக்கு நாடு எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஆஸ்திரேலியாவுல 1996ல போர்ட் ஆர்தர்ல 35 பேர் செத்தாங்க, 12 நாள்ல எல்லா மாநிலமும் உக்காந்து ஒத்துக்கிட்டு, அப்புறம் சுமார் 6,50,000 துப்பாக்கியை ஜனங்ககிட்ட இருந்து காசு குடுத்து வாங்கி அழிச்சாங்க. அதே வருஷம் ஸ்காட்லாந்து டன்பிளேன் ஸ்கூல்ல 16 பிஞ்சுங்களும் ஒரு டீச்சரும் செத்தப்புறம் பிரிட்டன் 1997ல கைத்துப்பாக்கியை தடை பண்ணுச்சு. நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள, 119க்கு 1 ஓட்டுல, ராணுவ பாணி செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிங்களைத் தடை பண்ணுச்சு. அமெரிக்காவுல 2012ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க, 6 பெரியவங்க செத்தாங்க, நாலு மாசம் கழிச்சு வாங்கறவன் பின்னணியைக் கூடுதலா விசாரிக்கணும்ங்கற மசோதாவுக்கே செனட்ல 60 ஓட்டு கிடைக்கல. பத்து வருஷம் கழிச்சு 2022லதான் ஓரளவு ஒரு சட்டம் வந்துச்சு. சட்டம் வந்தா எல்லாம் நின்னுடும்னு நான் சொல்லல, போண்டை பீச்ல பயன்படுத்தினது லைசன்ஸோட வாங்கின துப்பாக்கிங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல 1996க்கும் அதுக்கும் நடுவுல அந்த அளவுக்கு ஒண்ணு நடக்க கிட்டத்தட்ட 30 வருஷம் ஆச்சுல்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு வீட்ட விட்டு வெளிய போகவே பயமா இருக்குன்னா நான் எழுதினதே தப்பு. என் பொண்ணு, எட்டு வயசு, ஸ்கூல்ல டிரில் பண்ணிட்டு வந்து ராத்திரி "அப்பா, இங்க வருவாங்களா?"ன்னா. "வரமாட்டாங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் "வர்றது ரொம்ப ரொம்ப கஷ்டம், வந்தாலும் என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியும்ல?"ன்னேன். "ஓடணும், ஒளியணும், சொல்லணும்"னு ஒப்பிச்சுட்டு தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல. பெரியவங்களுக்கு நான் சொல்றது ஒரே ஒரு பழக்கம், எங்க போனாலும் உக்காந்ததும் ரெண்டாவது வாசல் எங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு அதோட விட்டுடுங்க. சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம், தைப்பூசக் கூட்டம். பாக்க மூணு செகண்ட், அப்புறம் நிம்மதியா இட்லி சாப்பிடலாம். துப்பாக்கிக்கு உதவுதோ இல்லையோ தீக்கும் கூட்ட நெரிசலுக்கும் உதவும்.

இன்னொரு 'சொல்லு' இருக்கு, அதுதான் கஷ்டமானது, ஏதும் நடக்கறதுக்கு முன்னாடி சொல்றது. கூட இருக்கறவன் திடீர்னு ஒதுங்கிட்டான், எந்நேரமும் வெட்டு குத்து வீடியோ, ஒரு கூட்டத்தைப் பேர் சொல்லி 'அவனுங்களை முடிக்கணும்'னு பேசறான். காட்டிக் குடுக்கறதா, நண்பனுக்குத் துரோகமான்னு தோணும். ஐஎஸ்டி, அதான் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, நம்பர் 1800 2626 473, கூப்பிட்டா அவனை உடனே தூக்குல போட்டுட மாட்டாங்க. அந்த 16 வயசுப் பையனுக்கு மூணு வருஷம் கவுன்சலிங், படிப்பு எல்லாம் குடுத்து 2024 ஜனவரில விட்டுட்டாங்க. அவன் யாரையும் கொல்லல. உயிரோட இருக்கான். மனசு சரியில்லாம தன்னையே ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயந்தா 1767, அது வேற நம்பர், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க. டார்மிட்டரில ஒரே ரூம்ல பன்னெண்டு பேர் படுத்திருக்கற நம்ம தம்பிங்களுக்கு யாரு சரியில்லன்னு சூப்பர்வைசரை விட நல்லாத் தெரியும்.

போன வாரம் அந்தப் புதுக்கோட்டைத் தம்பி, சரவெடி கேட்டானே அவன்தான், ஊர்ல அவங்க கோயில் திருவிழா வீடியோ அனுப்பியிருந்தான். சாமி பொறப்பாடு, நகரவே இடமில்லாத கூட்டம். கீழ ஒரு வரி, "அண்ணே எங்க கோயிலுக்கு ஒரே வாசல்தான்ணே, இப்பதான் கவனிச்சேன்". தர்மகர்த்தாகிட்ட சொல்லுடான்னு பதில் போட்டேன். போட்டுட்டு பின்பக்கம் போனா, எமர்ஜென்சி கதவுக்கு முன்னாடி ரெண்டு பேலட். போன தடவை மூணு. போஸ்டல் கோட் எழுதின பேப்பரை அதுக்குப் பின்னாடி கதவுலதான் நான் ஒட்டி வச்சிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு போன் அடிச்சேன், சாப்பிடப் போயிட்டாராம், ஒரு மணிக்கு வர்றேன்னாரு.